எல்லாவற்றுக்கும் பதில் எழுதாதே

மகன்,

நேற்றுக் காலை ஆறரை மணிக்கு நீ கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தாய். வாளி கிணற்றுக் கட்டில் மோதும் சத்தம் குசினிக்குள் எனக்குக் கேட்டது. அப்போது மேசையில் கிடந்த என் போன் ஒருமுறை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். உன் பெயர். "அம்மா, நான் சுகமா இரிக்கன். கடல் இண்டைக்கு அமைதியா இரிக்கி. நீங்க சாப்பிட்டீங்களா?" யன்னலால் எட்டிப் பார்த்தேன். நீ தலை முழுக்கச் சவர்க்கார நுரையோடு கண்ணை மூடிக்கொண்டு நின்றாய். உன் கையில் போன் இல்லை. நீ இன்னும் கப்பலையே காணவில்லை. போவதற்கு நான்கு நாள் இருந்தது. நான் அடுப்பை அணைத்துவிட்டு, அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தபடி நின்றேன்.

தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே வந்த நீ, நான் நீட்டிய போனைப் பார்த்துச் சிரித்தாய். "திகதியப் பிழையாப் போட்டுட்டன் அம்மா. இது கப்பல் ஏறினாப்பிறகு வரவேண்டியது" என்றாய். பிறகு விளக்கினாய். நடுக்கடலில் கிழமைக்கணக்கில் தொடர்பு கிடைக்காதாம். நான் யோசித்து யோசித்து வருத்தத்தைத் தேடிக்கொள்வேனாம். அதனால் ஆறு மாதத்துக்கும் நாளுக்கு ஒன்றாக இப்போதே எழுதி, உன் அறையிலுள்ள பழைய மடிக்கணினியில் ஏற்றி வைத்திருக்கிறாய். ஒவ்வொரு காலையும் ஆறரைக்கு அது உன் பெயரில் எனக்குச் செய்தி அனுப்பும். அதை மூட வேண்டாம், தூசு தட்டினாலும் மெல்லத் தட்டுங்கள் என்றாய். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா, உன்ட மகன் இல்லாட்டியும் மகன்ட கடமை நடக்கும்" என்றார். நீங்கள் இருவரும் சிரித்தீர்கள்.

அம்மாவுக்கு ஏன் முகம் கறுத்தது என்று பின்னேரம் நீ அப்பாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது. வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். நான் பேய் பிசாசை நம்புகிறவள் அல்ல. தாவரவியல் படித்தேன், இத்தனை வருடமாக அதையே படிப்பிக்கிறேன். உனக்குக் காய்ச்சல் வந்த ஒரு நாளாவது நூல் கட்டுகிறவரிடம் உன்னைக் கொண்டுபோனதில்லை. இதை வாசிக்கும்போது அதையும் நினைவில் வைத்துக்கொள்.

உனக்குப் பத்தாம் வகுப்பில் கணக்குச் சொல்லித்தந்த மாமியைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். மற்றவர்களும் வாசிக்கக்கூடிய கடிதம் என்பதால் முதலில் அவளிடம் கேட்டேன். "எழுதுகா, பேரை மட்டும் மாத்திப்போடு" என்றாள். ஆகவே இதில் அவள் புனிதா. நானும் அவளும் பல்கலைக்கழகத்தில் ஒரே விடுதி அறையில் இருந்தோம். அவளுக்கு ஒருவன் இருந்தான். அவனை வரதன் என்று வைத்துக்கொள். இயக்கத்தில் சேர்ந்து, வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருந்தான். நாங்கள் இராணுவம் நின்ற இந்தக் கரையில். வரதன் எங்கள் குடி. ஒரே தாய்வழி என்றால் எங்களுக்குள் அண்ணன் தங்கச்சி முறைதான், கலியாணப் பேச்சுக்கே இடமில்லை என்பது உனக்குத் தெரியும். அதனால் அவன் எனக்குக் கடிதம் எழுதியபோது எங்கள் வீட்டில் யாரும் புருவம் உயர்த்தவில்லை. அந்தக் கடிதத்துக்குள் மடித்து வைத்த இன்னொரு கடிதம் புனிதாவுக்குப் போனது. நான் அவனுக்குச் சிநேகிதி, அவளுக்குத் தபால்காரி. அவர்கள் இருவரைப் பற்றி அவனுடைய தாய்க்குக்கூடத் தெரியாது.

கடிதங்களைக் கொண்டுவந்தது, படுவான்கரையிலிருந்து எருமைத் தயிர் விற்க வரும் வள்ளியம்மை அக்கா. இராணுவச் சென்றியில் காவல் நிற்கிறவர்கள் தயிர்ச் சட்டிக்குள் கம்பு விட்டுக்கூடப் பார்ப்பார்கள். ஆனால் சட்டி சரியாமல் இருக்க அடியில் வைக்கும் வைக்கோல் புரிமணையை ஒருவரும் பிரித்துப் பார்த்ததில்லை. கடிதம் அந்த வைக்கோலுக்குள் சுருண்டு இருக்கும். விரித்தால் புளித்த மணம். புனிதா அறையில் கட்டிலில் இருந்து அதை எனக்கு வாசித்துக் காட்டுவாள். காதல் கடிதம் என்று பெரிதாக நினைத்துக்கொள்ளாதே. குரங்கொன்று சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு போன கதை ஒன்றரைப் பக்கம் வரும். யாரோ ஒருவன் குறட்டை விடுவதைப் பற்றி அரைப் பக்கம் வரும். கடைசியில் அவசரமாக ஒரு வரி அன்பு. அவளுக்குக் கோபம் வரும். "ஏழு கேள்வி கேட்டு எழுதினன்கா. ஒண்டுக்குப் பதில் இரிக்கா பார். இந்த மனுசன் என்ட கடிதத்தை வாசிக்கிறதா, இல்லாட்டி அதில கச்சான் கடலை சுத்தித் தின்னுறதா?" என்பாள். பிறகு அதே கேள்விகளை இன்னும் இரண்டு சேர்த்துத் திரும்பவும் எழுதுவாள்.

நாங்கள் இரண்டாம் வருடம் படிக்கும்போது, ஒரு மாசி மாதம், வள்ளியம்மை அக்கா இரண்டு புரிமணைகளில் வைத்து ஒரு கட்டாகக் கடிதங்களைக் கொண்டுவந்தாள். ஏழு உறைகள். சோற்றுப் பசையால் ஒட்டி, மூலையில் பென்சிலால் ஒன்று முதல் ஏழு வரை இலக்கம் போட்டிருந்தது. எனக்கென்று ஒரு துண்டு. "தங்கச்சி, எங்களை வடக்க அனுப்புறாங்க. அங்க இருந்து கடிதம் வராது. மாதத்துக்கு ஒண்டாக் குடு. நான் போனது அவளுக்குத் தெரியவேணாம், சோதினைக்குப் படிக்கட்டும். ஆவணிக்கு முதல் வந்திருவன்." எனக்கு அது கெட்டிக்காரத்தனமான ஏற்பாடாகத்தான் பட்டது. நேற்று அப்பாவுக்குப் பட்டதுபோல. மாசியில் முதலாவதைக் கொடுத்தேன், பங்குனியில் இரண்டாவதை.

பங்குனிக் கடைசியில் நான் ஊருக்கு வந்தபோது வரதன் வீட்டு வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது. அம்மாள் வருத்தம் கண்ட வீடு என்று அதற்கு அர்த்தம். வெளியாட்கள் உள்ளே போகமாட்டார்கள். என்னை மட்டும் பின்வேலியால் கூட்டிக்கொண்டு போனார்கள். உள்ளே யாருக்கும் அம்மைக் கொப்பளிப்பான் இல்லை. வரதனின் தாய் நிலத்தில் இருந்தார். அவருடைய வாய்க்குள் சேலைத் தலைப்பு திணித்திருந்தது, அவரே திணித்துக்கொண்டது. வடக்கிலிருந்து செய்தி வந்து மூன்று நாளாம். மகன் இயக்கத்தில் இருந்தான் என்று இராணுவத்துக்குத் தெரிந்தால் மிச்சமிருக்கிற பிள்ளைகளையும் கொண்டுபோவார்கள். அதனால் ஒப்பாரி இல்லாத, பறை இல்லாத, உடலும் இல்லாத ஒரு செத்தவீட்டை வேப்பிலைக்குப் பின்னால் எட்டு நாள் நடத்தினார்கள். நான் பக்கத்தில் போய் இருந்ததும் அந்தத் தாய் என் கையைப் பிடித்து இழுத்து, விரல்களைத் தன் தொண்டையில் வைத்தார். சத்தம் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் துடிப்பை இன்றைக்கும் என் விரல் அறியும்.

அடுத்த நாள் விடுதிக்குத் திரும்பினேன். புனிதா முதலில் கேட்டது, "உங்கட ஊரில வரதன்ட வீட்டில அம்மாளாமே, அவர்ட அம்மாவுக்கா?" என்பதுதான். ஓம் என்றேன். சோதனைக்கு இன்னும் ஆறு கிழமை இருந்தது. முடியட்டும், பிறகு சொல்கிறேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். இந்த வசனத்தை நீ என்னிடமிருந்து முன்பும் கேட்டிருக்கிறாய். உயர்தரப் பரீட்சை நேரத்தில் உன் அப்பப்பா ஆஸ்பத்திரியில் கிடந்ததை உனக்கு மறைத்தேன். நீ கடைசிப் பேப்பர் எழுதிவிட்டு வந்தபோது அவர் இல்லை. "சோதின முடியட்டும், சோதின முடியட்டும். உங்களுக்கு வேற கதை தெரியாதா அம்மா?" என்று கேட்டுவிட்டு இரண்டு மாதம் என்னோடு முகம் பார்த்துக் கதைக்கவில்லை. உன்னிடம் அன்றைக்கு மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். புனிதாவிடம் செய்ததைத்தான் நான் திரும்பவும் செய்திருந்தேன், அதனால் வாய் வரவில்லை. இப்போது கேட்கிறேன்.

சித்திரையில் மூன்றாவது உறையைக் கொடுத்தேன். அவள் வழக்கம்போல வாசித்துக் காட்டினாள். முதல் இரண்டையும் போலவே இதிலும் குரங்கும் இல்லை, குறட்டையும் இல்லை. நிதானமான கடிதம். அவளுடைய தகப்பனின் கால்வீக்கம் இறங்கும், எண்ணெய் போடுவதை நிறுத்த வேண்டாம். படிப்பு முடிந்ததும் படிப்பிக்கத்தான் போக வேண்டும், வங்கிக்கு வேண்டாம். அவள் கேட்ட ஒவ்வொன்றுக்கும் வரிசையாகப் பதில் இருந்தது. அவள் உடனே பதில் எழுதி, அனுப்பச் சொல்லி என்னிடம் தந்தாள். அனுப்புவதற்கு ஆள் இல்லை. இரண்டு நாள் பெட்டிக்குள் வைத்திருந்துவிட்டு அதை உடைத்து வாசித்தேன். இது நான் செய்த இரண்டாவது பிழை. வரதனின் தாயைப் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தாள். கடைசி வரியில், "எனக்குச் சொல்லாமல் வைத்திருப்பது ஏதும் உண்டா?" என்றிருந்தது.

வைகாசியில் நாலாவது உறை. அவள் சத்தமாக வாசித்தாள். "இப்போதைக்கு அம்மாவைப் பார்க்கப் போகாதே. அந்த வாசலைத் தாண்ட வேண்டாம்." இன்னும் கொஞ்சம் கீழே, "உனக்குச் சொல்லாமல் நான் எதையும் வைத்திருக்கவில்லை." அந்தக் கடிதம் மாசியில் ஒட்டப்பட்டது. கேள்வி சித்திரையில் எழுதப்பட்டது. எழுதியவனுக்குச் செத்தவீட்டுத் துடக்குக்கூடக் கழிந்துவிட்டது. பின்னேர வெயில் அறைக்குள் விழுந்துகிடந்தது, பக்கத்து அறையில் யாரோ உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தார்கள், எனக்கு முதுகு முழுக்கக் குளிர்ந்தது.

சோதனை முடிந்தது. அப்போதும் நான் சொல்லவில்லை. ஒரு கொப்பி எடுத்து நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் அவள் கேள்விகளையும் மறுபக்கம் அவன் பதில்களையும் எழுதிப் பார்த்தேன். விளக்கம் கிடைத்தது. போவதற்கு முந்திய கிழமை அவன் அவளுடைய பழைய கடிதங்கள் முழுவதையும் எடுத்துவைத்து, தான் இத்தனை நாளும் தட்டிக்கழித்த கேள்விகளுக்கு ஒரே இருப்பில் பதில் எழுதியிருக்க வேண்டும். அவளோ அதே கேள்விகளைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்கிறவள். தன் வீட்டுப் பக்கம் அவள் போனால் இராணுவத்தின் கண்ணில் படுவாள் என்ற பயமும் அவனுக்கு முதலிலிருந்தே இருந்தது. எல்லாம் பொருந்தியது. அந்தக் கொப்பியை நான் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனியில் ஐந்தாவது போனது, ஆடியில் ஆறாவது.

ஆவணியில் கொடுத்த ஏழாவதில் ஒரு பக்கம்கூட இல்லை. "மண்டூர்த் தீர்த்தத் திருவிழாவுக்கு வா. பாதை வருகிற துறையில் நின்று பார். நான் வருவேன்." பாதை என்பது என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் நடுவே வாவியில் ஆட்களை ஏற்றி இறக்கும் அந்தப் பலகை மிதவைதான். புனிதா புதுச் சட்டை தைக்கக் கொடுத்தாள். நான் அவளைத் தடுக்க மூன்று பொய் யோசித்தேன். ஒன்றும் நிற்கவில்லை. கடைசியில் கூடப் போனேன்.

மண்டூர் முருகன் கோயிலில் பூசாரி, கப்புகனார், வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் பூசை செய்வார். திரைக்குப் பின்னால் ஒரு மந்திரச் சத்தமும் கேட்காது. புனிதா உள்ளே போனாள். எனக்குத் துடக்கு எப்போதோ முடிந்திருந்தது, துடக்கில் எனக்கு நம்பிக்கையும் இல்லை. ஆனாலும் கால் வரவில்லை. வாசலிலேயே நின்றேன். அவள் வெளியே வந்து என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் துறைக்கு நடந்தாள். பகல் முழுவதும் அங்கே நின்றோம். பாதை வரும், சனம் இறங்கும், அவள் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள், பாதை போகும். பின்னேரம் மூன்று மணி போல, ஒரு பாதை வந்து சனம் இறங்கிக்கொண்டிருக்கும்போதே, அவள் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். முகம் இளகியிருந்தது. "போவமா?" என்றாள். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை.

திரும்பும் பாதையில் நிற்க இடமில்லை. எங்களுக்கு எப்படியோ ஓரப் பலகையில் இருக்க இடம் கிடைத்தது. அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நடுவில் சரியாக ஓர் ஆள் இருக்கக்கூடிய இடைவெளி. அவள் அவனுக்கென்று இடம் விட்டிருக்கிறாள் என்று விளங்கியது. அதை நெருக்கி மூட எனக்குத் துணிவு வரவில்லை. இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண் இருக்க இடம் தேடிக்கொண்டு வந்தாள். அந்த இடைவெளியைப் பார்த்தாள். சேலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, ஆள் இருக்கும் இடத்தைச் சுற்றிப் போவதுபோலச் சுற்றிப் போய் அங்கால் நின்றாள். நடு வாவியில் காற்று விழுந்துவிட்டது. தண்ணீர் அசையவில்லை. அவ்வளவு சனத்திலும் ஒருவரும் கதைக்கவில்லை, அல்லது எனக்குக் கேட்கவில்லை. கரையில் இறங்கும்போது நான் குனிந்து அந்தப் பலகையைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. காய்ந்த பலகை. ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொள்ள நான் ஏன் குனிந்தேன் என்று பிறகு பல வருடம் யோசித்திருக்கிறேன்.

"வந்தவர்கா" என்றாள் புனிதா, குருமண்வெளித் துறையில் நின்று. "ஒண்டும் கதைக்கல்ல."

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். ஏழு உறையும் முடிந்துவிட்டது. மறைப்பதற்கு வேறு சாட்டும் இல்லை. நான் "ஓம்" என்றேன். அந்த ஒரு சொல்லைப்போல ஒரு பொய்யை நான் வாழ்க்கையில் பிறகு சொல்லவில்லை.

இரண்டு வருடம் கழித்து அவள் தன் கலியாணத்துக்குச் சொல்ல எங்கள் வீட்டுக்கு வந்தாள். வெற்றிலைத் தட்டை வாங்கி வைத்துவிட்டு, இனியும் சொல்லாவிட்டால் அவள் முகத்தில் முழிக்க முடியாது என்று தொடங்கினேன். வரதன் அந்தப் பங்குனியிலேயே, என்றேன்.

"தெரியும்கா" என்றாள்.

எப்போதிருந்து என்று கேட்டேன்.

"முதலாவது உறையிலயே பயம் வந்திச்சு. கேட்ட எல்லாத்துக்கும் பதில் இரிந்திச்சு. உயிரோட இருக்கக்குள்ள அந்த மனுசன் ஒண்டுக்காவது பதில் எழுதினதா? மறுகா மூண்டாவதை வாசிக்கக்குள்ள பாத்தன், நீ கடிதத்தைப் பாக்கல்ல. என்ட முகத்தைப் பாத்துக்கொண்டு இருந்தாய். அதோட தெரிஞ்சுபோச்சு."

தெரிந்தும் ஏன் ஐந்து மாதம் பதில் எழுதினாய் என்றேன்.

"அது உனக்கு எழுதினதுகா. நீ உடைச்சு வாசிப்பாய் எண்டு தெரியும். சொல்லாம வெச்சிருக்கிறது ஏதும் உண்டா, உண்டா எண்டு ஒவ்வொண்டிலயும் கேட்டன். இண்டைக்குச் சொல்லுவாள், இண்டைக்குச் சொல்லுவாள் எண்டு பாத்துக்கொண்டே இரிந்தன்."

அவள் அந்த ஐந்து மாதமும் தனியாக அழுதிருக்கிறாள், என் பக்கத்துக் கட்டிலில், எனக்குக் கேட்காமல். வரதனின் தாய் சேலையைத் திணித்துக்கொண்டதுபோல. நான் அவளுக்குக் காவல் இருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அவளுடைய துக்கத்தை அவளிடமிருந்து பிடுங்கி வைத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு ஞாபகம் வந்தது. "அப்ப மண்டூரில வந்தவர் எண்டு சொன்னியே, அது?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "அதுக்கென்ன? நீதானே அவருக்கு இடம் விட்டுப்போட்டு இருந்தாய்."

நான் விடவில்லை என்றேன். நீதான் விட்டாய் என்றேன். அவள் இல்லை என்று மெல்லத் தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகு இத்தனை வருடத்தில் நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு சொல் கதைத்ததில்லை. நேற்று அவளிடம் அனுமதி கேட்டபோதும் கதைக்கவில்லை. ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டிருக்கும் இரண்டு பேர் அருகருகே இருந்தால் நடுவில் அவ்வளவு இடைவெளி தானாக விழும் என்று நான் எனக்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறேன். அது நல்ல விளக்கம். பிள்ளையோடு வந்த அந்தப் பெண்ணை மட்டும் அதற்குள் அடக்க முடியவில்லை.

இன்று காலை நீ கடைக்குப் போயிருந்தபோது உன் அறைக்குள் போனேன். கதவு சாத்தியிருந்தது. மேசையில் அந்தக் கணினி விழித்துக்கொண்டிருந்தது. நீ இந்த வீட்டில் இல்லாத காலைகளில், பக்கத்து அறையிலிருந்து உன் குரலில் அது என்னைச் சாப்பிட்டீங்களா என்று கேட்கும். உனக்குக் காய்ச்சலென்றாலும் சுகமாயிருக்கிறேன் என்று சொல்லும். கடல் கொந்தளித்தாலும் அமைதி என்று சொல்லும். அதற்குமேல் யோசிக்க எனக்கு விருப்பமில்லை. மூடியைத் தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது. மூடவில்லை. அதை நான் மூடக்கூடாது. போவதற்கு முன் நீயே எல்லாவற்றையும் அழித்துவிட்டு மூடு. இது ஒன்றுதான் உன்னிடம் கேட்கிறேன்.

செய்தி வராத நாட்களில் நான் பயப்படுவேன். பயந்துவிட்டுப் போகிறேன், அந்தப் பயம் எனக்குரியது, என் நன்மைக்கென்று அதை என்னிடமிருந்து எடுத்துவிடாதே. தொடர்பு கிடைக்கிற அன்றைக்கு, அன்றைக்கு எழுதியதை அனுப்பு. கெட்ட செய்தி என்றாலும் அன்றைக்கே அனுப்பு. நான் வழக்கம்போல ஒரே மூச்சில் ஆறேழு கேள்வி கேட்பேன். நீயும் வழக்கம்போல ஒன்றுக்கு அரைகுறையாகப் பதில் போட்டுவிட்டு, கப்பல் சமையல்காரனைப் பற்றிக் கதை அளந்துகொண்டிரு. மற்றக் கேள்விகள் அப்படியே கிடக்கட்டும். அவை பதிலில்லாமல் கிடக்கும்வரை நீ இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும்.

அம்மா